பெல்ட்டுக்கும் டயருக்கும் நடுவே ஓர் ஆலன் கீ

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் நின்றால் போதும். சீட் கவர், ஹேண்டில்பார், எல்.இ.டி. பல்பு எல்லாம் தாண்டி ஒரு கேள்வி காதில் விழும். "அண்ணா, பின்னாடி நூத்தம்பது போட முடியுமா?" கடைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். அளவு நாடா கையில் இருக்காது. "போட்டுடலாம் தம்பி. உள்ள கொஞ்சம் தட்டணும், அவ்வளவுதான்."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு, எதைத் தட்டப் போகிறார்கள், தட்டிய பிறகு ஏதாவது நடந்தால் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. டயர் ஏறிவிடும். வண்டி பார்க்கப் பின்னால் கனமாக, கம்பீரமாக இருக்கும். சில நாள் கழித்து, பின்னால் ஆள் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கதை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த மோகம் நேற்று வந்ததல்ல. 2008இல் யமஹா எஃப்.இசட் 16 வந்தபோது அதன் பின்சக்கரத்தில் 140 மி.மீ. டயர் இருந்தது. அதுவரை நூறு, நூற்றுப்பத்து என்று ஓடிக்கொண்டிருந்த ஊருக்கு அது பெரிய காட்சி. பிறகு கே.டி.எம். 390 டியூக் 150/60-17 டயரோடு வந்தது. கையில் இருக்கும் 150 சி.சி. வண்டிக்கும் அதே பின்னழகு வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் பரவியது. ஆசையில் தப்பில்லை. ஆனால் எஃப்.இசட்டும் டியூக்கும் அந்த டயரை மனதில் வைத்தே வரையப்பட்ட வண்டிகள். ரிம், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம், செயின் ஓடும் கோடு, மட்கார்டு எல்லாமே அதற்கு இடம் விட்டுப் பிறந்தவை.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும். 100/90-17 என்றால் டயரின் அகலம் 100 மி.மீ. அந்த அகலத்தில் 90 சதவீதம் டயரின் உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே ரிம் 431.8 மி.மீ. மேலும் கீழும் 90, 90 சேர்த்தால் மொத்தச் சக்கர உயரம் 611.8 மி.மீ. இப்போது 150/60-17ஐப் போட்டுப் பாருங்கள். 150இல் 60 சதவீதம் 90. அதே 611.8 மி.மீ. உயரத்தில் இம்மியும் மாற்றமில்லை. அகலத்தில் மட்டும் 50 மி.மீ. கூடியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும், வண்டி உயர்ந்தது போலவும் தெரியாது. "பாத்தீங்களா, கரெக்டா உக்காந்துடுச்சு" என்று கடைக்காரர் சொல்லும்போது நம்பத்தான் தோன்றும். ஆனால் இரு பக்கமும் 25, 25 மி.மீ. எங்கோ போயாக வேண்டும். ஒரு பக்கம் செயினோ பெல்ட்டோ ஓடுகிறது. மறுபக்கம் டிஸ்க் காலிப்பர் அல்லது டிரம் பிரேக்கைப் பிடிக்கும் கம்பி. காலி இடம் என்று அங்கே எதுவும் சும்மா கிடப்பதில்லை.

செயின் வண்டியில் உரசல் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பெல்ட் வண்டியில் அப்படி இல்லை.

பல் வைத்த ரப்பர் பெல்ட்டில் ஓடும் பைக் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது ஹார்லி டேவிட்சன். 1980இல் ஸ்டர்ஜிஸ் என்ற மாடலில் அந்த நிறுவனம் பெல்ட்டைக் கொண்டுவந்தது. எண்ணெய் போட வேண்டாம், சத்தம் குறைவு, அடிக்கடி இறுக்கத் தேவையில்லை. அந்த மூன்று வசதிக்காகவே இன்று ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின்ஸ்கூட்டரும் பின்சக்கரத்துக்கு பெல்ட்டையே பயன்படுத்துகிறது. ஆக, பெல்ட் பற்றிய கவலை இனி பணக்காரர் வண்டியோடு நிற்பதல்ல. ஆபீசுக்கும் காய்கறிச் சந்தைக்கும் போகிற ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது.

பெல்ட்டின் உள்ளே அராமிட் அல்லது கார்பன் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. எஞ்சினின் இழுவை முழுவதையும் தாங்குவது அந்த இழைகள்தான், ரப்பர் அல்ல. நீளவாக்கில் இழுத்தால் அசராது. ஆனால் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்து இழை பிரிய ஆரம்பித்தால், புடவைக் கரையில் நூல் பிரிவது போலத்தான். செயினில் ஒரு கண்ணி போனால் அந்தக் கண்ணியை மாற்றலாம். பெல்ட்டுக்கு இணைப்பே கிடையாது, ஒரே வளையம். பெரும்பாலான பைக்குகளில் அந்த வளையம் ஸ்விங் ஆர்மின் ஒரு கையைச் சுற்றி இருப்பதால், புது பெல்ட் போட ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டும். வழியில் பஞ்சர் கடையில் நடக்கிற வேலையல்ல அது. வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஒரு மினி லாரி, பிறகு சர்வீஸ் சென்டரில் காத்திருப்பு.

ஹார்லி ஸ்ட்ரீட் 750 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, ஹரியானாவின் பாவல் தொழிற்சாலையில் தயாரானது. 2020இல் நிறுவனம் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன, பல இரண்டாம், மூன்றாம் கை மாறியும் விட்டன. அதன் பின்டயர் அளவு 140/75-15. எல்லா ஊர் டயர் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் அளவல்ல. டயர் மொட்டையானதும் உரிமையாளர் கடைக்குப் போனால், "அது வராது சார், வேற சைஸ் போட்டுக்கலாம்" என்று பதில் வரும்.

வேறு சைஸ் என்றால் என்ன? பஜாஜ் அவெஞ்சர் 220இன் பின்டயர் 130/90-15. அதே பதினைந்து அங்குல ரிம், அகலம் பத்து மி.மீ. குறைவு. பெல்ட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு சங்கதி. பழைய டயரோடு சக்கரத்தின் மொத்த உயரம் 591 மி.மீ., இதோடு 615. நடுவிலிருந்து வெளியே எல்லாத் திசையிலும் 12 மி.மீ. கூடிவிடும். பெல்ட்டை விட்டுவிட்டு மட்கார்டின் உட்பக்கத்தையும் ஸ்விங் ஆர்மின் குறுக்குத் தண்டையும் அது தேடிப் போகும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83 கி.மீ. வேகத்தில் போகும்.

இன்னொருவர் 150/80-15 சிபாரிசு செய்யலாம். அகலத்தில் பக்கத்துக்கு ஐந்து மி.மீ.தான் கூடுகிறது, பெரிதாகத் தெரியாது. ஆனால் மொத்த உயரம் 621. முன்பைவிட 30 மி.மீ. அதிகம். ஒரே டயர் பெல்ட்டையும் நெருக்கும், மட்கார்டையும் நெருக்கும். கண் எப்போதும் அகலத்தைத்தான் பார்க்கிறது. இடத்தைச் சத்தமில்லாமல் தின்பது பல நேரம் உயரம்.

இதே கணக்கைத் தயாரிப்பாளர் எப்படிப் போடுகிறார் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 2022இல் வந்த மூன்றாம் தலைமுறை ஏத்தர் 450 எக்ஸில் பின்டயர் 90/90-12இலிருந்து 100/80-12 ஆனது. அகலம் பத்து மி.மீ. கூடியது. உயரம் 466.8இலிருந்து 464.8. இரண்டே மி.மீ. வித்தியாசம். அகலம் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் உயரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஹார்லி ஃபேட் பாய் இதற்கும் மேலே. 1990இல் அந்தப் பெயரோடு வந்தபோது அதன் பின்டயர் சுமார் 130 மி.மீ. அகலம்தான். இன்றைய கண்ணுக்கு அதில் 'ஃபேட்' என்று சொல்ல ஒன்றுமில்லை. 2018இல் வந்த ஃபேட் பாயின் பின்டயர் 240 மி.மீ. நடுவில் நடந்தது டயர் மாற்றம் மட்டுமல்ல. 2018 வண்டியின் சட்டமே புதிது. பெல்ட்டின் அகலமும் இந்தப் பல ஆண்டுகளில் ஒன்றரை அங்குலத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து வந்தது. வலுவான இழைகள் கிடைத்ததால் குறைந்த அகலத்திலும் அதே இழுவையைத் தாங்க முடிந்தது. டயருக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். ஒரு பெரிய நிறுவனம் ஆண்டுக்கணக்கில் செய்ததை ஒரு கிரைண்டரும் நாலு வாஷரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடும் என்று நம்புவதற்கு ரொம்பப் பெரிய மனசு வேண்டும்.

டயர் ஏறி, வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது பெல்ட்டுக்கும் டயருக்கும் நடுவே மூன்று மி.மீ. இடம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "படலையே" என்பார்கள். நிற்கும்போது படவில்லை, அவ்வளவுதான். ஓடும்போது அந்த மூன்று மி.மீ. எங்கே போகிறது? வேகத்தில் சுழலும் டயர் விரியும், ரேடியல் டயரைவிடச் சாதாரண நைலான் டயர் கொஞ்சம் கூடுதலாகவே விரியும். கம்பி ரிம் என்றால் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மி.மீ. ஆட்டம் சாதாரணம். பெல்ட்டும் புல்லியின் மேல் ஒரே கோட்டில் ஓடுவதில்லை. இழுவை கொடுக்கும்போது ஒரு பக்கம், விடும்போது மறுபக்கம் என்று மெல்ல நகரும். வளைவில் சாய்க்கும்போது ஸ்விங் ஆர்ம் ஒரு துளி முறுக்கும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் சேரும் இடம் நெடுஞ்சாலை, பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை.

இன்னொன்றையும் கடையில் சொல்லமாட்டார்கள். 150 என்று அச்சிட்ட இரண்டு நிறுவன டயர்களை ஒரே ரிம்மில் ஏற்றி வெர்னியரால் அளந்தால் இரண்டும் ஒரே அளவு காட்டாது, சில மி.மீ. முன்னே பின்னே இருக்கும். ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறத்தாழ ஐந்து மி.மீ. அகலும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி உருண்டையாகிவிடும். அப்போது சாலையைத் தொடும் பரப்பு கூடுவதற்குப் பதில் குறையவே வாய்ப்பு. 'கிரிப்' வேண்டும் என்று போட்ட டயர் கிரிப்பைக் கெடுக்கும்.

அதனால்தான் பெல்ட் வண்டி வேலை தெரிந்த மெக்கானிக்குகள் கால் அங்குலம், அதாவது சுமார் ஆறு மி.மீ. இடமாவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆறு மி.மீ. ஆலன் கீயை எடுத்து, பெல்ட்டின் உள் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு சக்கரத்தை ஒரு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். எங்கேயும் பிடிக்காமல் போனால் நல்லது. ஓரிடத்தில் பிடித்து, மற்ற இடத்தில் தளர்ந்தால் ரிம்மில் ஆட்டம். இது பட்டறைக் கணக்குதான். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு.

உரசல் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் போதும். ஸ்விங் ஆர்மின் உட்பக்கத்தில் கரிப்பொடி போல ஒரு படிவு இருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். டயரின் பக்கவாட்டில் மற்ற இடமெல்லாம் மங்கலாக இருக்க, ஒரு வளையம் மட்டும் மெருகு போட்டது போல மின்னும். பெல்ட்டின் ஓரத்தில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி இழை நீட்டிக்கொண்டிருக்கும். இழை தெரிந்துவிட்டால் அந்த பெல்ட்டின் ஆயுள் முடிந்தது. பிளேடால் நறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது. டயரின் நிலைமையும் லேசில்லை. டயரில் மெல்லிய பகுதியே பக்கவாட்டுத்தான். அங்கே ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் துணி இழை வெட்டுப்பட்டால், காற்று மெல்ல இறங்காது. ஒரே வெடி. பின்சக்கரம் அந்த நொடியில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செயின் வண்டியில் அறுந்த செயின் சக்கரத்தில் சிக்கி அதைப் பூட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

இடம் பற்றாதபோது பட்டறைகள் கையாளும் வைத்தியங்கள் சில. ஸ்விங் ஆர்மின் உட்பக்கத்தைக் கிரைண்டரால் தேய்ப்பது ஒன்று. மெல்லிய இரும்புக் குழாயின் சுவரை இன்னும் மெல்லியதாக்கும் வேலை அது, வெல்டிங் இணைப்புக்குப் பக்கத்தில் தேய்த்தால் விரிசல் விழும். ஆக்சிலில் வாஷரோ லேத்தில் கடைந்த புஷ்ஷோ போட்டுச் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளுவது இன்னொன்று. பெல்ட்டிலிருந்து டயர் விலகும், ஆனால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்காது. நேர் சாலையில் கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும். டிஸ்க்கும் காலிப்பரும் நேர்கோட்டிலிருந்து விலகும். மூன்றாவது, அகலம் குறைந்த பெல்ட் போடுவது. இழுவையைத் தாங்கும் கணக்கை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் இதில் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. மாற்றம் என்றால் என்ன என்பதற்கும் அங்கேயே விளக்கம் உண்டு. வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றம், அதன் அடிப்படை அம்சத்தை மாற்றுவதாக இருக்க வேண்டும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றத்துக்கு இடமில்லை என்பது அதன் முடிவு.

இதன்படி, ஒரே வண்டியின் உயர் மாடலுக்கு நிறுவனமே கொடுக்கும் டயர் அளவை அதற்குரிய ரிம்மோடு போடுவதும், ஸ்விங் ஆர்மை அறுத்து அகலமாக்கி வெல்டிங் வைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, கட்டமைப்பு மாற்றம் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. முதலாவதைச் சாலையில் நிறுத்தும் அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது ஒருபுறம் இருக்க, நிறுவனத்தின் கையேட்டில் அந்த அளவு அச்சில் இருந்தால் அதைக் காட்டுவதே உரிமையாளரின் சிறந்த பதில். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டயர், சைலன்சர், ஹேண்டில்பார் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அதே பிரிவு, வண்டி விற்கும் டீலரே விதிக்கு மாறாக மாற்றிக் கொடுத்தால் ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் கேட்கிறது. ஷோரூமிலேயே "அகல டயர் போட்டுத் தர்றோம் சார்" என்று சொன்னால் இந்தப் பிரிவை நினைவுபடுத்தலாம்.

டயருக்கும் தனிச் சட்டம் உண்டு. இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கு ஐ.எஸ். 15627 என்ற தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத இறக்குமதி டயரை விலை குறைவு என்று வாங்கினால் பிறகு புகார் கொடுக்கவே கால் நடுங்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர டயரின் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது. 62பி போல ஓர் எண்ணும் எழுத்தும் இருந்தால், 62 என்பது 265 கிலோ சுமை, பி என்பது மணிக்கு 150 கி.மீ. வேகம். அகலமான டயர் என்றால் அதிகச் சுமை தாங்கும் என்று தானாக அர்த்தமில்லை. பழைய டயரின் சுமை எண்ணைவிடக் குறைவான எண் இருந்தால் வாங்கக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால் காட்சி மாறிவிடும். உயிரிழப்போ பலத்த காயமோ என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்று எழுதுவார். வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் அந்த ஒரு வரி பெரிய எடை. அறுத்து ஒட்டிய ஸ்விங் ஆர்மை அவர் பார்க்காமல் விடப் போவதில்லை. இருசக்கர வாகனப் பாலிசியின் நிபந்தனைகளில், வண்டியை நல்ல இயங்கு நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில் சர்வேயர் கை வைக்கும் இடம் அதுதான்.

மறுப்புக் கடிதம் வந்தவுடன் மனதை விட வேண்டியதில்லை. 2010இல் அமலேந்து சாஹூ வழக்கில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் கிளெய்மை முழுவதும் நிராகரிக்காமல் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு தரும் முறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது காரை வாடகைக்கு விட்ட விவகாரம், டயர் விவகாரம் அல்ல. ஆனாலும் வாதத்துக்குப் பிடிமானம். முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்த மாற்றத்துக்கும் இந்த விபத்துக்கும் என்ன தொடர்பு? நின்றுகொண்டிருந்த பைக்கை லாரி இடித்திருந்தால் பின்டயரின் அகலத்துக்கு அதில் வேலையே இல்லை. அந்தக் கேள்வியை நிறுவனத்துக்கு எழுத்தில் வைத்து, பதிலையும் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினையை அவர் விசாரிக்கலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டயர் போட்ட கடையும் பட்டறையும் தப்பித்துக்கொள்ள முடியுமா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. விற்பவரே பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றம் தீங்குக்குக் கணிசமான காரணமாக இருந்தால் அவர் பொறுப்பு. சேவை செய்தவரின் கவனக்குறைவுக்கும் தனிப் பிரிவு உண்டு. அதே அத்தியாயத்தின் 87ஆவது பிரிவு எதிர்த் திசையில் வெட்டுகிறது. தீங்கு நடந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது. அதாவது, கடை டயரை மட்டும் விற்று, நீங்கள் வேறிடத்தில் ஸ்விங் ஆர்மை அறுத்தால் கடைக்காரர் கை கழுவிவிடலாம். டயரையும் விற்று, அறுத்தும் கொடுத்து, "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவரால் அப்படி முடியாது. ஆனால் அவர்தான் செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். பில் கேட்டால் "ஜி.எஸ்.டி. போட்டா ஆயிரம் கூட வரும் தம்பி" என்பார். அந்த ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த உரிமையையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

பில்லில் டயரின் பெயரும் விலையும் மட்டும் இருந்தால் போதாது. வண்டிப் பதிவு எண், டயர் அளவு, நான்கு இலக்கத் தயாரிப்பு எண், செய்த வேலை என்ன என்று ஒரு வரி, அவ்வளவும் வேண்டும். 'ஸ்பேசர் போடப்பட்டது', 'மட்கார்டு பிராக்கெட் மாற்றப்பட்டது' என்று எழுதச் சொன்னதும் பாதிப் பட்டறைகள் வேலையையே வேண்டாம் என்று சொல்லிவிடும். அதுவும் ஒரு பதில்தான்.

சிக்கல் வந்துவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல தகராறுகள் அங்கேயே பேசி முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்கு அங்கேதான், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. மதுரையில் இருப்பவர் சென்னைக் கடை மேல் மதுரையிலேயே வழக்குப் போடலாம். வசிக்கும் இடத்திலேயே புகார் தரும் உரிமை 2019 சட்டம் கொடுத்தது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம், ஆகவே உரசிய டயரையும் பிய்ந்த பெல்ட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. ஒரு சாக்கில் கட்டி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும்.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. டயர் மாற்றியிருப்பதைப் பார்த்ததும் பேட்டரிக் கோளாறுக்குக்கூட "வாரண்டி போயிடுச்சு" என்று சர்வீஸ் சென்டரில் சொல்லலாம். சக்கர பேரிங், பெல்ட், புல்லி, பிரேக் என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். பேட்டரிக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்பதை ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். வாயால் எளிதாகச் சொல்கிற காரணத்தை எழுத்தில் தரப் பலர் தயங்குவார்கள்.

மாற்றம் எதுவும் செய்யாத வண்டியிலேயே டயர் பெல்ட்டில் உரசினால்? அப்போது அது தயாரிப்புக் குறை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திரும்பப் பெறும் விதிகளின்படி, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசின் இணையதளத்தில் உரிமையாளர்களே புகார் பதிவு செய்யலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிட முடியும், நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரே மாடலில் நாலு பேருக்கு ஒரே இடத்தில் உரசல் என்றால், நாலு பேரும் தனித்தனியாகச் சர்வீஸ் மேனேஜரிடம் கத்துவதைவிட அங்கே பதிவு செய்வது பலன் தரும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 'வைட் டயர் அப்கிரேடு' என்று போட்டிருந்தால் அதைக் கூடுதல் மதிப்பாக எண்ணி விலையும் கூட்டிக் கொடுக்கிறார்கள். உண்மையில் அதற்கு விலை குறைக்க வேண்டும். பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் ஆலன் கீயும் கையில் இருக்கட்டும். டயரில் உள்ள அளவையும் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையும் ஒப்பிட வேண்டும். ஸ்விங் ஆர்மின் உட்பக்கத்தில் புதுப் பெயின்ட் தெரிந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அங்கே யாரும் அழகுக்காகப் பெயின்ட் அடிப்பதில்லை. ஒரு நீளக் கயிற்றைப் பின்டயரின் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து முன்டயர் வரை இழுத்துப் பார்த்தால், சக்கரம் ஒரு பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் கயிறு முன்டயரிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். பழைய வண்டி விற்கும் கடையில் வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வரும். பக்கத்துத் தெருக்காரரிடம் நேரில் வாங்கினால் அவர் வியாபாரி அல்ல, அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

ஏற்கெனவே அகல டயர் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, டயரின் பக்கவாட்டில் பெல்ட்டுக்கு நேரே சுண்ணாம்புக் கட்டியால் சுற்றிலும் ஒரு கோடு போட வேண்டும். பின்னால் ஆள் வைத்து, வழக்கமாகப் போகிற வழியில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். கோடு அப்படியே இருந்தால் நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒருமுறை. எங்காவது அழிந்திருந்தால் வண்டியை எடுக்காமல், டயர் போட்ட பட்டறைக்குப் போன் செய்து, அந்தக் கோட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பில் எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்க வேண்டியதுதான்.